மருந்து இறங்குகிற படம்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. இண்டூரில் ஒரு வீட்டுச் சுவரில், திருஇருதயப் படத்துக்குக் கீழே, ஓர் எக்ஸ்ரே படம் ஆணியில் தொங்கியது. எக்ஸ்ரேயைப் போய் யாராவது மாட்டி வைப்பார்களா? வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முதுகெலும்பு, விலா, இடுப்பெலும்பு. அவற்றுக்கிடையே முட்டை வடிவில் ஒரு வெளுப்பு. அதற்குள் மங்கலாக மாதா நின்றிருந்தாள்.

2

முதல் வரைவு: "எண்பத்தாறில் ஒரு நாள், விளக்கெண்ணெய் குடித்த வயிற்றோடு மரியசூசை தொப்பூர் கணவாய் பஸ்ஸில்..."

(அடித்துவிட்டேன். எனக்கு அந்த எக்ஸ்ரேயைக் காட்டிய, மரியசூசையின் மனைவி இசபெல்லா சிரித்தார்: "தொப்பூரு எங்கீங்க வந்துச்சு? இண்டூருல ஏறி தர்மபுரியில எறங்குனோம்." விளக்கெண்ணெய் மட்டும் நிஜம்.)

3

மரியசூசைக்குச் சிறுநீரில் ரத்தம் போனது. இடது சிறுநீரகம் செத்திருக்கலாம் என்றார் டாக்டர். கை நரம்பில் மருந்து ஏற்றிப் படம் எடுப்பார்கள். சிறுநீரகத்தில் மருந்து இறங்கினால் அதற்கு உயிர் இருக்கிறது; இறங்காவிட்டால் அறுத்து எடுக்க வேண்டும். படம் தெளிவாக விழத்தான் குடலைச் சுத்தம் செய்துகொண்டு பட்டினியாக வரச் சொன்னார்கள். (இசபெல்லாவும் கூடவே பட்டினி கிடந்தார். அவரை யாரும் கிடக்கச் சொல்லவில்லை.)

"உடம்புல உலோகம் எதுவும் இருக்கக் கூடாதுங்க," என்றார் எக்ஸ்ரே எடுக்கும் ராஜாமணி. மரியசூசை மோதிரத்தைக் கழற்றினார், ஜெபமாலையைக் கழற்றினார். அருணாக்கயிறு அவர் கணக்கிலேயே வரவில்லை. அது உடம்போடு சேர்ந்தது. செத்தவனுக்குத்தான் அதை அறுப்பார்கள். அதில் கோத்திருந்த, மாதா உருவம் பதித்த அலுமினியப் பதக்கத்தையும் மறந்தே போனார்.

ஊசிக்கு முன்பு எடுத்த சோதனைப் படத்தில் மாதா வந்துவிட்டாள், மருந்து இறங்க வேண்டிய இடது பக்க வழியிலேயே.

ஈரம் சொட்டும் அந்தப் படத்தை மரியசூசை வாய் பிளந்து பார்த்தார். "இத்தனையும் எனக்குள்ளயாங்க இருக்குது?"

"இருக்குதுங்க. கயித்த அவுத்தாத்தான் மேல வேல ஆகும்."

"அத அவுக்கறதுன்னா..." மரியசூசை கயிற்றைப் பொத்திக்கொண்டார்.

கத்தரி எடுக்கப்போன ராஜாமணியை இசபெல்லா தடுத்தார். முடிச்சைப் பல்லால் இளக்கி அவிழ்த்து, தன் இடது மணிக்கட்டில் கட்டிக்கொண்டார்.

"உங்க உசுரு எங்கிட்ட இருக்குது. பயப்படாம போங்க."

4

மருந்து ஏறியதும் தொண்டையிலிருந்து பாதம் வரை சூடு பரவியது. மடையைத் திறந்துவிட்டு, தண்ணீர் கடைசிப் பாத்தி வரை போகிறதா என்று வரப்பில் நின்று பார்க்கிறவர் மரியசூசை. இன்றைக்கு அவரே வயலாகக் கிடந்தார். உள்ளே எது எங்கே போகிறதோ, அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

முடிவு ஒன்று: இரண்டு பக்கமும் மருந்து இறங்கியது.

முடிவு இரண்டு: வலது பக்கம் மட்டும்...

(வேண்டாம். எழுதக் கை வரவில்லை.)

சுவரில் இருப்பது முதல் படம்தான். மிச்சப் படங்களை எடுக்க இசபெல்லா பெட்டியைத் திறக்கப்போனார். "இருங்கம்மா," என்று தடுத்துவிட்டேன். அன்றைக்கு எக்ஸ்ரே அறை வாசலில் முடிவு தெரியாமல் அவர் நின்ற மாதிரி நானும் கொஞ்சம் நிற்க வேண்டும் என்று தோன்றியது.

இருட்டறைக் கதவு திறக்கிறது. ராஜாமணி ஈரப் படத்தோடு வருகிறார். இசபெல்லா அதைப் பார்க்கவில்லை. தன் இடது மணிக்கட்டை வலது கையால் இறுகப் பிடித்திருக்கிறார். ஜன்னல் பக்கம் நிற்பது, இதைப் படிக்கிற நீங்கள்தான். படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடியுங்கள்.