கழற்றக்கூடிய மண்டபம்

சிவானந்தம் வரைபடத்தில் இருந்த வராந்தாவின் குறுக்கே சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்தார். கலாவதிக்குச் சுருக்கென்றது.

"இது எதுக்கு? ஒக்காந்து வெட்டிக்கதை பேசவா? அந்த எடத்துல மேடைய பெருசா போடு லா. விழான்னா நாலு பேரு ஏறணும்ல."

அவர் வட்டார நலச் சங்கத்தின் தலைவர். அவள் கோலசிலாங்கூரில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் வரைபடம் போடுகிறவள். அவள் வரைந்த மண்டபம் அவர்கள் இருவருக்கும் அல்ல. ரப்பர் தோட்டம் கைமாறி, தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்துத் தள்ளியபோது வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்கு. புக்கிட் பெலிம்பிங் பக்கம் நீளமான தகரக் கொட்டகைகளில் அவர்களைக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். ஆறு மாதத்தில் வீடு என்று சொல்லி மூன்றாவது வருடம் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒற்றைப் பலகைதான். ஒருவர் இருமினால் அடுத்த வீட்டுக் குழந்தை விழித்துக்கொள்ளும். பெண் பார்க்க வருகிறவர்களை உட்காரவைக்கக்கூட இடம் கிடையாது. கலாவதியும் லயத்தில் பிறந்தவள். அதனால்தான் மூன்று பக்கமும் வராந்தா வைத்தாள். யாரிடமும் சாவி கேட்டு நிற்க வேண்டாம் என்று வாசலுக்குக் கதவே வைக்கவில்லை. சமைக்கிற பெண்களும் கூடத்தில் நடப்பதைப் பார்க்கட்டும் என்று அடுப்படிச் சுவரில் பெரிய ஜன்னல் வரைந்தாள். சிவானந்தத்தின் பேனா அதையெல்லாம் தாண்டிப் போய், கல்வெட்டு பதிக்க இடம் தேடியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். அங்கிருக்கும் பெண்கள் ஒரு வார்த்தை சொன்னால் சங்கம் கேட்டாக வேண்டும் என்று நினைத்தாள். புஷ்பவள்ளியின் வாசலில் விரித்துக் காட்டினாள். லயத்தில் இருந்த காலத்தில் புஷ்பவள்ளி பால்மரம் வெட்டியவள். இப்போது சபாக் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மீன் கழுவுகிறாள். விரலால் வராந்தாவைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"எத்தினி வருசம் தாங்கும்மா?"

"செங்கல்லு, சிமெண்டுக்கா. முப்பது வருசம் அசையாது."

புஷ்பவள்ளியின் விரல் நின்றுவிட்டது.

"அப்ப எங்கள இங்கயே வெச்சிரலாம்னு முடிவு பண்ணிட்டானுங்களா?"

"அப்படி இல்லக்கா. வீடு வர்ற வரைக்கும் உங்களுக்கு ஒரு எடம்..."

"இவ்ளோ அழகா கட்டிக் குடுத்தப்புறம் வீட்ட கேட்டா என்னா சொல்வான்? மண்டபமே கட்டிக் குடுத்தாச்சே, இன்னும் என்னா கொறன்னு கேப்பான். ஒன் வராந்தா நல்லாத்தான் இருக்கு. அதான் பயமா இருக்கு."

கலாவதிக்குக் கோபம் வந்தது. இவர்களுக்காகத்தானே அந்த மனிதரோடு மல்லுக்கட்டுகிறாள். பஸ்ஸில் திரும்பும்போது அந்தக் கோபம் யார்மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. புஷ்பவள்ளி சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியாததுதான் அதிகமாக எரிந்தது.

வேறொரு வரைபடம் போட்டாள். பலகைச் சுவர், போல்ட்டு போட்டு முடுக்கிய மரத்தூண்கள், சிமெண்ட் கட்டைகளின்மேல் நிற்கும் தரை. வீடு கிடைக்கிற நாளில் கழற்றி லோரியில் ஏற்றிப் புது இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

சிவானந்தம் அதைப் பாதிகூடப் பார்க்கவில்லை. "பலகையில கல்வெட்டு நிக்குமா? அடிக்கல் நாட்டு விழாவுக்குக் கார்டு அடிச்சாச்சு. நீ போடலன்னா வேற ஆளு போடுவான்."

வேறு ஆள்தான் போட்டான். வராந்தா இல்லை. வாசலில் இரும்புக் கம்பிக் கதவு.

விழாவன்று கலாவதியும் போனாள். போகாமல் இருந்திருக்கலாம். கயிறு கட்டிக் குறித்திருந்த இடத்துக்குள் பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். கோஷமில்லை, கூச்சலில்லை. மூன்று கல் கூட்டி உலை வைத்திருந்தார்கள். மாலைகள் ஒரு மேசையில் வாடிக்கொண்டிருந்தன. சிவானந்தத்தின் ஜிப்பா முதுகில் ஒட்டியிருந்தது.

"நீ தோட்டத்துப் புள்ளதானே. போய் எடுத்துச் சொல்லு, எந்திரிக்கச் சொல்லு!"

அவள் கயிற்றைத் தாண்டி உள்ளே போனாள். புஷ்பவள்ளி நிமிர்ந்து பார்த்தாள். பாயில் கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள். சாலையோரம், கட்டட வேலைக்கு மணல் கொண்டுவந்த லோரிக்காரன் பொறுமையிழந்து வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கினான். மணல் சரசரவென்று சரிந்து, கயிற்றுக்கு அடியில் நுழைந்து, உலை கொதிக்கும் அடுப்பை நோக்கி மெல்லப் பரவியது.