நாலாவது பாட்டில் மூச்சு

ஷூ ஏறவில்லை. பெனிஷா தரையில் முட்டி போட்டு, தம்பியின் வலது குதிகாலைப் பிடித்து உள்ளே அழுத்திக்கொண்டிருந்தாள். கால் சில்லிட்டிருந்தது. உயிரோடு இருந்தபோது சேர்ந்த நீர் செத்த பிறகும் வடியாமல் பாதம் புஸ்ஸென்று இருந்தது. அவன் பாடிய ஆல்பம் வெளியிட்ட அன்று மேடையில் போடுவதற்கென்றே வாங்கிய கறுப்பு ஷூ. அன்றைக்குப் பிறகு அவன் அதைப் போடவே இல்லை.

"விடு பாப்பா. சாக்ஸோட போவட்டும்," என்றாள் அம்மா.

"ஆசையா வாங்குனது."

"கால் நுழையலன்னா இன்னா பண்ணுவ, வெட்டியா போடுவ?"

அம்மாவின் பெயர் வேளாங்கண்ணி, பெரிய மார்க்கெட்டில் மீன் விற்பவள். கூவிக் கூவித் தொண்டை எப்போதும் கட்டியிருக்கும். நேற்றிலிருந்து அந்தத் தொண்டையிலிருந்து இந்த மாதிரி ரெண்டு மூன்று வார்த்தைதான் வந்திருக்கிறது. அழவில்லை. மார்க்கெட்டிலிருந்து வந்த பெண்கள் அவளுக்கும் சேர்த்து அழுதுவிட்டு, வெளியே நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

பெனிஷா ஷூவை ஜோடியாகச் சவப்பெட்டிக்குள் கால்மாட்டில் வைத்தாள். எழுந்து நிற்கும்போது கையிலிருந்த போன் அதிர்ந்தது. அது தம்பி மரிய அருணின் போன். காலையிலிருந்து நிற்காமல் அதிர்கிறது. செத்துப்போனவனின் போனுக்கு இவ்வளவு வேலை இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

எல்லாம் ஆல்பத்துக்கு வரும் கருத்துகள். அருணும் அவன் நண்பன் அய்மானும் இன்னும் ரெண்டு பேரும் சேர்ந்து நடத்திய ராக் பேண்டுக்குப் பெயர் 'மூடின கேட்'. ரயில்வே கேட்டில் காத்திருந்து காத்திருந்தே ஒத்திகைக்குத் தாமதமாகப் போனவர்கள் வைத்த பெயர். முதல் ஆல்பத்தை அய்மானின் அப்பா மஜீத் பாய் நடத்தும் மெத்தைக் கடையின் குடோனில் பதிவு செய்தார்கள். சுவர் உயரத்துக்கு மெத்தை அடுக்கியிருந்ததால் எதிரொலி என்பதே இல்லை. பாடகன் எச்சில் விழுங்கினால்கூடப் பதிவாகும்.

பதிவாகியும் இருந்தது. ஆல்பம் வந்த முதல் வாரத்தில் கேட்டவர்கள் எழுதியதை அருண்தான் வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டுவான். 'டிரம்ஸ் வாசிக்கிறவரு ஓடுற பஸ்ஸ புடிக்கப் போறாரு போல.' 'பாண்டிச்சேரில சரக்கு மட்டும்தான் நல்லாருக்கும்னு நிரூபிச்சிட்டீங்க தம்பிங்களா.' 'விழுப்புரம் பஸ்ல ரெண்டாவது பாட்டு கேட்டேன். எறங்க வேண்டிய எடத்துல எறங்கல.' இந்தக் கடைசி ஆளை மட்டும் அருண் உறவுக்காரன் போலப் பேசுவான். என்றைக்காவது ஒருநாள் அவரைக் கண்டுபிடித்து பஸ் டிக்கெட் எடுத்துக் கொடுக்கப் போவதாகச் சொல்வான்.

அதிகம் திட்டு வாங்கியது நாலாவது பாட்டு. 'ஹெட்போன்ல கேட்டா மூச்சு வாங்குறது காதுக்குள்ளயே இருக்கு. மிக்சிங்னு ஒண்ணு இருக்குது, தெரியுமா?' 'பாடுறவருக்கு யாராச்சும் தண்ணி குடுங்கப்பா.' 'மாடி ஏறிட்டு வந்து பாடுனியா?' அருண் இதையும் சிரித்துக்கொண்டே வாசித்தான். பெனிஷாவும் சிரித்தாள். அம்மா மீன் கத்தியைத் தீட்டிக்கொண்டே, யார்ரா அவன், அவன் வீட்ல மாடி இருக்குதா என்று கேட்டாள்.

அடுத்த மாதம் அவன் நிஜமாகவே மூச்சு வாங்கிப் படியில் உட்கார்ந்துவிட்டான். கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதய வால்வைத் தின்றுவிட்டது என்றார்கள். ஆபரேஷனைத் தாங்கும் அளவுக்கு உடம்பு தேறட்டும் என்று காத்திருந்தார்கள். தேறவில்லை.

பெனிஷாவுக்குப் பொறுக்காதது இதுதான். அந்த வீட்டில் இருப்பது ஒரே அறை. கடகடக்கும் ஃபேனுக்குக் கீழே மூன்று பேரும் படுப்பார்கள். வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் முடித்தவள் அவள். ஆடிட்டர் ஆபீசில் வேலை செய்கிறாள், ஊரில் யாருக்கு என்ன விண்ணப்பம் என்றாலும் அவளிடம்தான் வருவார்கள். அவன் மூச்சு வாங்கியது அவளுக்குத் தெரியவில்லை. பெற்றவளுக்குத் தெரியவில்லை. எந்த ஊரிலோ உட்கார்ந்து ஹெட்போன் மாட்டிக்கொண்டு திட்டியவனுக்குத் தெரிந்திருக்கிறது.

இன்றைக்கு அந்த ஆட்கள் எல்லாரும் மாறிவிட்டார்கள். லெஜண்ட் என்கிறார்கள். தண்ணி கொடுங்கப்பா என்றவன் பழையதை அழித்துவிட்டு, உன் குரல் எங்களுக்குள் வாழும் என்று எழுதியிருக்கிறான். இந்த ஊரில் பாட்டு நன்றாக இருக்க வேண்டுமென்றால் பாடியவன் சாக வேண்டும். பெனிஷா ஒருவனுக்கு, நேத்து வரைக்கும் காது அடைச்சிருந்துதா என்று எழுதினாள். அனுப்பாமல் அழித்தாள்.

வாசலில் லூர்துபிரகாஷ் மாமா வந்தவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். அம்மாவின் அண்ணன். ஆல்பம் வந்தபோது இவரும் ஒரு கருத்து சொன்னார்: இது பாட்டா, பஸ் ஸ்டாண்டு சண்டையா. இப்போது மாதா கோயிலிலிருந்து வந்தவர்களிடம், எம்மருமவன் பெரிய பாடகன், ஆல்பமே போட்டிருக்கான், போன்ல அடிச்சா வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒருத்தர் போனை எடுத்து அடித்துப் பார்த்தார். மாமா பதறிப்போய், இப்ப வேணாம், பூசை முடியட்டும் என்று அவர் கையைப் பிடித்தார்.

அய்மான் பெட்டிக்குப் பக்கத்தில் வரவில்லை. வீட்டை ஒட்டிய சந்தில், தண்ணீர்த் தொட்டியின்மேல் சாய்ந்து நின்றிருந்தான். தோளில் லேப்டாப் பை. பெனிஷா டீ டம்ளர்களைக் கழுவ வந்தபோது நிமிர்ந்தான். கண் வீங்கியிருந்தது.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். இன்னிக்கி சாயந்திரம் ஆல்பத்த மாத்துறோம்."

"எத மாத்துறீங்க?"

"நாலாவது பாட்டு. மூச்சு சத்தத்த எடுத்தாச்சி. ராத்திரி ஃபுல்லா ஒக்காந்து ஒண்ணொண்ணா எடுத்தேன். நேத்துலருந்து எவ்ளோ பேரு கேக்குறாங்க தெரியுமா? மொத தடவ கேக்குறவங்க நல்லதா கேக்கட்டும்."

"பழசு?"

"பழசு போய்டும். அது இருந்த எடத்துலயே இது ஏறும்."

பெனிஷா ஒரு டம்ளரை ரெண்டு முறை கழுவினாள்.

"எடுக்காத."

அவன் எதிர்பார்க்கவில்லை. பழைய பாட்டு வேண்டுமென்றால் பென்டிரைவில் போட்டுத் தருகிறேன், எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம் என்றான்.

"பென்டிரைவுல வச்சிக்கிட்டு நான் மட்டும் தனியா ஒக்காந்து கேக்கணுமா? ஊரே வேற ஒருத்தன் பாடுறத கேக்கும், நான் மட்டும் என் தம்பிய கேக்கணும். அப்டியா?"

"அவன் பாடுனதுதானக்கா ரெண்டும்."

"என்கிட்ட அவன் பாட்டே பாடுனதில்ல அய்மான். பக்கத்துப் பாய்ல மூச்சு விட்டுக்கிட்டுதான் இருந்தான்."

அய்மான் தரையைப் பார்த்தான். சொல்ல வேண்டாம் என்று வைத்திருந்ததை மெதுவாகச் சொன்னான்.

"அவன் சொன்னதுதான்க்கா. ஆஸ்பத்திரில. மூச்ச மட்டும் எடுத்துடுறா, அசிங்கமா இருக்குதுன்னான். சிரிச்சிக்கிட்டேதான் இருந்தான் உங்க முன்னாடி. என்கிட்ட அப்டி இல்ல. நான் எடுத்துடுறன்னு சொன்னேன். வாக்கு குடுத்தேன்."

தம்பியிடம் சிரிக்காத முகம் ஒன்று இருந்திருக்கிறது. அதை அய்மானிடம் காட்டியிருக்கிறான், தன்னிடம் காட்டவில்லை. டம்ளர்களைத் தட்டில் கவிழ்த்தாள். அந்த நேரம் கோயிலில் துக்க மணி அடிக்க ஆரம்பித்தது. மாமா உள்ளேயிருந்து, பெட்டிய மூடணும், வாங்க எல்லாரும் என்று கூப்பிட்டார்.

பூசையில் பாடல் குழு பாடியது. சுத்தமாகப் பாடினார்கள். கல்லறையில் அம்மா ஒரு பிடி மண் போட்டாள், கையைத் தட்டிவிடவில்லை. அந்த மண்ணோடேயே வீட்டுக்கு வந்தாள். கல்லறைக்குப் போகும் வழி முழுக்கப் பெட்டியின் தலைமாட்டுப் பக்கம் அய்மான் தோள் கொடுத்தான். இறக்கி வைத்ததும் யாரிடமும் சொல்லாமல் போய்விட்டான்.

சாயங்காலம் வீடு காலியானது. வாடகை நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு மாமா போனார். எதிர்வீட்டு ராஜாம்பாள் வாசலைக் கழுவிவிட்டு, நானும் இங்கயே படுத்துக்கட்டுமா என்று கேட்டாள். அம்மா வேண்டாம் என்று தலையாட்டினாள். பிறகு அந்த அறையில் ஃபேன் சத்தம் மட்டும் இருந்தது.

அம்மா, அருணுக்காக வாங்கிப் போட்டிருந்த கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்தாள். அருண் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்த நாட்களில் அவள் படுத்த அதே இடம். அவனால் மல்லாக்கப் படுக்க முடியாது. தலையணைகளை அடுக்கி, பாதி உட்கார்ந்த மாதிரி தூங்குவான். தூக்கத்தில் சரிந்தால் மூச்சு இழுக்கும். அப்போது அம்மா கண்ணைத் திறக்காமலேயே கையை நீட்டித் தலையணையை மேலே தள்ளுவாள். காலையில் கேட்டால் தள்ளியது அவளுக்கு ஞாபகம் இருக்காது. இப்போது கட்டிலில் யாரோ புது விரிப்பு போட்டு, தலையணைகளைத் தட்டிச் சமமாக வைத்திருந்தார்கள்.

பெனிஷா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தம்பியின் போனைத் திறந்தாள். மாற்றிவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். பார்க்கப் பயமாக இருந்தது. மேலே மேலே வந்துகொண்டிருந்த பூங்கொத்துகளையும் கும்பிடும் கைகளையும் தள்ளிக்கொண்டே போனாள். விழுப்புரம் பஸ்காரர் புதிதாக ஒன்றும் எழுதவில்லை. ஒருவேளை அவருக்கு மட்டும் இன்னும் தெரியாது. எங்கேயோ ஒரு பஸ்ஸில் அந்த மனிதர் உயிரோடிருக்கும் அருணைக் கேட்டுக்கொண்டு போகிறார்.

வாசலில் செருப்புச் சத்தம். அய்மான் டிபன் கேரியரோடு நின்றான்.

"எங்க அம்மா கஞ்சி குடுத்தாங்க."

கேரியரை வாங்கிக் கீழே வைத்தாள். அவன் போகவில்லை. தோளில் அந்தப் பை இருந்தது.

"இன்னும் மாத்தலக்கா. மாத்தணும்னு ஒக்காந்தேன்," என்றான். வாக்கியத்தை முடிக்கவில்லை. நிலைப்படிக்கு உள்ளே, கால்களை மடக்கிச் சுவரோரம் உட்கார்ந்தான்.

"இரு. ஒரு தடவ கேட்டுட்டு அப்பறம் பண்ணிக்க. அவன் சொன்னத செய்யி. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

போனைக் கட்டிலின் ஓரத்தில் வைத்து நாலாவது பாட்டை ஓடவிட்டாள். அம்மா திரும்பிப் படுத்திருந்தாள். தூங்குகிறாளா என்று தெரியவில்லை. கிடார் மெதுவாக ஆரம்பித்தது. அருண் பாடினான். கேட் திறக்கிறதுக்குள்ளே மழை நின்றுவிடும் என்று ஒரு வரி. அது முடிந்தது. அடுத்த வரிக்கு முன்னால் அந்த இழுப்பு வந்தது. ஈரத் துணியைத் தரையில் இழுக்கிற மாதிரி, நீளமாக.

அம்மாவின் கை எழுந்தது. உடம்பு அசையவில்லை, முகம் சுவர்ப் பக்கமே இருந்தது. கை பின்னால் கட்டிலில் துழாவி, தலையணையின் அடியைப் பிடித்து, மேலே தள்ளியது. விரல் இடுக்குகளில் கல்லறை மண் அப்படியே காய்ந்திருந்தது. பாட்டு போய்க்கொண்டிருந்தது. மறுபடி மூச்சு வந்தபோது கை இன்னும் கொஞ்சம் தள்ளியது.

அய்மான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாட்டு முடிந்தது. அறையில் ஃபேன் கடகடத்தது. அம்மாவின் கை தலையணையின் மேலேயே கிடந்தது.

அவன் தோளிலிருந்த பையைக் கழற்றி, திறக்காமல், சுவரோரம் சாய்த்து வைத்தான்.

பிறகு எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினான். இறக்கைகள் சுற்றி ஓயும்வரை நின்றுவிட்டு, போனை எடுத்து, பாட்டை மறுபடி முதலிலிருந்து வைத்தான்.