குட்டிக் கலத்தில் ஆள் எதற்கு?

"குட்டிக் கலத்துல ஆள் எதுக்கு தாயி? ஒரு ஏவுகணைய விட்டாப் போதாதா?" என்றார் சங்கரலிங்கம். ஸ்ரீவில்லிபுத்தூரில் அச்சகம் வைத்து, மாதம் ஒரு நாவல் போடுகிறவர். ராஜபாளையம் மில் ஆபீஸில் டைப் அடிக்கும் ஜெயபாயாகிய நான் எழுதிய முதல் விண்வெளிக் கதை அவர் மேஜையில் கிடந்தது. எண்பத்தாறாம் வருடம்.

என் கதையில் பூமயில் என்கிற விமானி, குட்டிப் போர்க்கலத்தில் தனியாகப் போய் எதிரியின் ராட்சதக் கப்பலைத் தகர்க்க வேண்டும். கிட்டே போனதும் உள்ளே கைதிகளைப் பார்த்துவிட்டுச் சுடாமல் திரும்புவாள். அவளை எடுத்துவிட்டால் மிச்சம் வெறும் வானம்தான்.

"மூச்சுக்குக் காத்து, திரும்பி வர எரிபொருள், அம்புட்டும் வீண் சுமை. ஆளைத் தூக்கு. இல்லாட்டி அச்சுக்கு ஏத்த மாட்டேன்."

கணக்குப்படி அவர் சொன்னது சரி. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் அவர் மனைவி சுடலையம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். மகள் கல்யாணத்துக்கு, ராஜபாளையத்திலிருக்கும் அந்த அம்மாவின் அண்ணன் கருத்தையா வரமாட்டாராம்.

"பத்திரிகையத் தபால்லயா போட்டீக?" என்று சங்கரலிங்கத்தைக் கேட்டேன்.

"போய்ச் சேந்துட்டுல்லா?"

"தாய்மாமனுக்குத் தபாலா!"

வெற்றிலை பாக்கு, பழத்தட்டோடு மனிதர் என் பஸ்ஸிலேயே ஏறினார். தபாலும் மரியாதைதான் என்று வழியெல்லாம் வாதம் கட்டிக்கொண்டு வந்தார். இறங்கியதும், "நீயும் வா தாயி. வேத்தாள் இருந்தா அவிய ஏச மாட்டாவ" என்றார்.

கருத்தையா வாசலில் நின்றார். 'வாங்க' என்று சொல்லவில்லை. அழுதிருப்பார் போல, கண் சிவந்திருந்தது. சங்கரலிங்கம் கட்டி வைத்த வாதத்தை விழுங்கிவிட்டுத் தட்டை நீட்டினார்.

"மச்சான், தப்பு எம்மேலதான். நீங்க இல்லாம எம்மவ மணையில உக்கார மாட்டா."

கருத்தையா தட்டை வாங்கிக்கொண்டார். "சாப்பிட்டுட்டுத்தான் போகணும் மாப்ள" என்றார்.

சாப்பிட்டு வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "பஸ்ல பேசினத ஏன் அங்க பேசல அண்ணாச்சி?"

"அவிய மொகத்தப் பாத்த பொறவு எப்படிப் பேச?"

"பூமயிலும் பாத்துட்டுத்தான திரும்புதா?"

நின்று என்னை முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். "சரி, ஒரு எழுத்தையும் மாத்த வேண்டாம். நாளைக்கே அச்சுக் கோக்கச் சொல்லுதேன்" என்று பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

எனக்கு வந்த சந்தோஷத்தில் நடுரோடு என்றும் பாராமல் கைதட்டிவிட்டேன்.