மலையேறித் திரும்பிய சாமை

ஊருக்குள் வந்து நின்ற வேனின் பின்கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது இருசம்மாள் அத்தையின் பச்சைச் சேலைத் துணிதான். ஷாலினி கிட்டே போய்ப் பார்த்தாள். போன வாரம் அவளே சுமந்து, மலையிலிருந்து கீழே கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோய்க் கொடுத்த சாமை மூட்டை அது. முடிச்சுகூட மாறவில்லை. மேலே மட்டும் புதிதாக ஒரு ஸ்டிக்கர், அதில் நற்பணி மன்றத் தலைவர் வெற்றிவேல் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பர்மாவில் பூமி அதிர்ந்து வீடெல்லாம் சரிந்ததைச் செல்போனில் பார்த்ததிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கள்ளக்குறிச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறவள், உண்டியலைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினாள். ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் எந்த ஊர் என்று கேட்டார். மலைமேல், கரியாலூர்ப் பக்கம் என்றாள்.

"உங்களுக்கே நாங்கதான் குடுத்துக்கினு இருக்கோம். நீ யாருக்கும்மா வசூல் பண்ற?"

சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு வேறு. அதற்குச் செருப்பால் அடித்திருந்தாலும் தேவலை.

அந்த ரோஷத்தோடுதான் ஊருக்கு பஸ் ஏறினாள். மலையில் ஒரு வீடு இடிந்தால் யாரும் காசு நீட்டுவதில்லை. வீட்டுக்கு ஒரு மூங்கில் கொடுப்பார்கள், கூடவே சாமை. அப்படிக் கொடுத்த தானியத்தைக் கொடுத்தவர்கள் மறுபடி தங்கள் அடுப்பில் ஏற்ற மாட்டார்கள், அது இடிந்த வீட்டின் சோறு. "மூங்கில எப்டி பாப்பா கடலு தாண்டி அனுப்பறது?" என்று இருசம்மாள் அத்தை நிஜமாகவே கவலைப்பட்டாள். சாமையை விற்றுப் பணமாக அனுப்பலாம், நான் பொறுப்பு என்றாள் ஷாலினி. அவள் வாக்கை நம்பி அத்தை விதைக்கு வைத்திருந்ததிலும் கைவைத்தாள். ஊரே அள்ளிப் போட்டது. "நாங்களே வித்து பர்மா நிதியில சேத்துடறோம்" என்று வாங்கி வைத்துக்கொண்டவர்தான் இந்த வெற்றிவேல்.

இப்போது ஊர்ப் புளியமரத்தில் பேனர் கட்டி, ஊரையும் கூட்டியாகிவிட்டது. 'மலைவாழ் ஏழைகளுக்கு நிவாரணம்.' அடப்பாவிகளா!

"அண்ணா, இது இவங்க குடுத்ததுங்க" என்றாள் ஷாலினி. வேனருகே நின்ற வெற்றிவேல் திரும்பினார்.

"தெரியும்மா. இத்த வித்து இன்னா வரப்போவுது? இவங்களும் கஷ்டப்படற ஜனம்தான, துன்னுட்டுப் போவட்டும். நீயும் வந்து போட்டோவுல நில்லு."

முதல் ஆளாக இருசம்மாளைக் கூப்பிட்டார்கள். போட்டோக்காரன், கொஞ்சம் சிரிங்கம்மா என்றான். அத்தை மூட்டையை வாங்கினாள். விரல்கள் துணியைத் தடவி, முடிச்சுக்குப் போய், அங்கேயே நின்றன.

"இன்னா பாப்பா, அங்க போய்ச் சேரலியா?"

ஷாலினி வெற்றிவேலைத் திரும்பிப் பார்த்தாள். ஊர் முகத்தில் இனி எப்படி விழிப்பது? வெற்றிவேல் கண்ணைக் காட்டினார், சும்மா இரு என்று. அந்த ஜாடையைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

"அனுப்பவே இல்ல அத்த!" கத்தினாள். "நீங்க குடுத்தத உங்களுக்கே தானம் பண்ண வந்துகிறாங்க!"

அத்தை வெற்றிவேலை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, வீட்டுப் பக்கம் திரும்பாமல் ரோட்டுப் பக்கம் நடந்தாள்.

"எங்க அத்த போற?"

"பஸ்ஸு வர்ற நேரம். கள்ளக்குறிச்சி கடத்தெருவுல குந்தி நாமளே விப்போம். அந்த உண்டியல எடுத்துக்கினு வா."

பின்னால் நின்ற பெண்கள் வேனை நெருங்கினார்கள். "ஏம்மா, பேரு கூப்புடல இன்னும்!" என்று வெற்றிவேல் பதறியதை ஒருத்தியும் காதில் வாங்கவில்லை. அவரவர் மூட்டையை அவரவர் தேடி எடுத்துத் தலையில் ஏற்றிக்கொண்டார்கள். ஷாலினி வீட்டுக்குள் போய் உண்டியலை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். இறக்கத்தில் அவர்கள் வரிசையாகப் போக, ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு வெற்றிவேல் கைகூப்பியபடி ஆடி ஆடிப் போனார்.