கவிதாவுக்குப் பதிலாக வைத்த பாஸ்வேர்டு

திருமழிசை தொழிற்பேட்டையில் தகடு அழுத்தும் கம்பெனி ஒன்றில், தொழிலாளர்களின் வருகையைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது நாகவல்லியின் வேலை. 1994இல் அங்கிருந்த அந்தப் பழைய கம்ப்யூட்டர், பாஸ்வேர்டில் ஆங்கிலப் பெரிய எழுத்துகளை மட்டுமே ஏற்கும். எண் அடித்தால் கத்தும். நாகவல்லி மகள் பெயரையே வைத்திருந்தாள். கவிதா. வார்த்தைக்கு வார்த்தை அவள் மகளைப் பற்றிப் பேசுவது ஆபீஸ் முழுக்கத் தெரியும்.

தகடு அழுத்தும் பிரஸ்ஸில் ஒருவருக்கு விரல் போனபோது, கை சிக்காதபடி மிஷினுக்குக் காப்பு போடச் சொல்லி மேனேஜரிடம் சண்டை போட்டவர் துலுக்கானம். அடுத்த மாதமே, சொல்லாமல் ஒரு வாரம் வரவில்லை என்று அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

நாகவல்லி பதறிப்போய்த் திரையைப் பார்த்தாள். அந்த வாரம் அவருக்கு அவள் ஏற்றிய வருகையெல்லாம் அழிந்திருந்தது. அழித்தவர் பெயர்: நாகவல்லி.

"சார், இத நான் செய்யல."

மேனேஜர் நிமிரவில்லை. "உன் பாஸ்வேர்டு உனக்குத்தானே தெரியும்? இல்ல, ஊருக்கே சொல்லி வச்சிருந்தியா? ரெண்டும் தப்புதான். பேசாம போய் வேலையைப் பாரு."

செய்தது மேனேஜர்தான் என்று அப்போது புரிந்தது. ஆனாலும் பேசாமல் போனாள். கணவன் வேலை பார்த்த ஆலை மூடிக் கிடந்தது.

அன்று மாலை குமணன்சாவடி பஸ் ஸ்டாப்பில் துலுக்கானத்தின் மனைவி கன்னியம்மா அவளை மறித்தாள்.

"இன்னாம்மா, எங்க ஊட்டுக்காரரு டெய்லி வேலைக்கி வந்துகினுதானே இருந்தாரு? நீ பாக்கல?"

அப்போது வந்த பஸ்ஸில் நாகவல்லி ஏறிவிட்டாள்.

மறுநாள் காலை பாஸ்வேர்டை மாற்ற உட்கார்ந்தாள். ஊர்ப் பெயர், சாமி பெயர், எது வைத்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு வாக்கியத்தை மனதில் வைத்து, ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தை மட்டும் ஆங்கிலத்தில் அடித்தால் என்ன? வேறெந்த வாக்கியமும் வரவில்லை. 'துலுக்கானம் அண்ணன் தினமும் வேலைக்கு வந்தார், நான் பார்த்தேன்.' ஏழு பெரிய எழுத்துகள். யாருக்கும் பிடிபடாது.

ஆனால் தினமும் காலையில் அதை மனசுக்குள் சொல்லாமல் அவளால் வேலையைத் தொடங்க முடியவில்லை. "ஏம்மா அழுவுற?" என்று கவிதா கேட்டாள்.

தொழிலாளர் அதிகாரி முன்னால் துலுக்கானத்தின் விசாரணை வந்தது. யாரும் கூப்பிடாமலே நாகவல்லி போய் நின்றாள்.

"துலுக்கானம் அண்ணன் தெனமும் வந்தாரு சார். நான் பார்த்தேன். ஏத்துனதும் நான்தான். அழிச்சது நான் இல்ல."

மேனேஜரின் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

துலுக்கானத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். மிஷின்களுக்குக் காப்பும் வந்தது. நாகவல்லியை மட்டும், ஆள் அதிகம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கன்னியம்மா வீடு தேடி வந்து, கவிதாவை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.