இங்கே தப்பு

புத்தகத்தை எப்படித் துடைப்பது என்று அவனுக்குத் தெரியாது. பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடித் தகடுகளைத் துடைக்கிற மாதிரியே துடைத்தான். உலர்ந்த துணி, மேலிருந்து கீழே, ஒரே திசையில்.

இருபத்துமூன்று புத்தகங்கள். எல்லாம் மனைவியுடையவை. அகராதிகள், மரபுத்தொடர் தொகுப்பு, கருவிப் பெயர்கள், பறவைப் பெயர்கள், மருத்துவச் சொற்கள், நடைக் கையேடு. எழுதுகிறவர்களும் படித்துத் தீராதவர்களும் வாங்கி வைத்துக்கொள்கிற தடித்த சாமான்கள். ஒன்றைத் தூக்கி மடியில் வைத்தால் கால் மரத்துப்போகும். அவள் இறந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. பதிப்பகத்திலிருந்து பதிப்பாசிரியர் அம்மாள் போன் செய்தார்.

"தம்பி, அவ மேசையில இருக்கிற புத்தகமெல்லாம் எங்களுக்கு வேணும். புதுப் பதிப்பு வேலைக்கு."

"சரிங்க."

அந்த ஏழு வாரமும் யார் என்ன கேட்டாலும் அவன் வாயில் வந்தது அந்த ஒரு சொல்தான்.

புத்தகங்களுக்குள் சீட்டுகள் இருந்தன. விரல் அகலத்துக்குக் கிழித்த வெள்ளைத் தாள்கள். பக்கத்துக்குப் பக்கம் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றிலும் அவள் கையெழுத்து. புத்தகம் போகட்டும், கையெழுத்து எதற்கு வீட்டை விட்டுப் போக வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. ஒவ்வொன்றாக உருவினான். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. சீட்டுகளைப் பரிசோதனைக் கூடத்தின் பழுப்பு உறையில் போட்டு, கைப்பழக்கத்தில் மேலே தேதி எழுதி, 'சீட்டு – 412' என்றும் எழுதினான். உப்பிக் கிடந்த புத்தகங்கள் படியட்டும் என்று அவற்றின் மேல் அரிசி மூட்டையைத் தூக்கி வைத்தான். மறுநாள் அவை கடையிலிருந்து வந்தவை போல இருந்தன. அந்த ஏழு வாரத்தில் அவன் ஒழுங்காகச் செய்து முடித்த ஒரே வேலை அதுதான்.

மனைவியின் தம்பி வேன் ஓட்டுகிறவன். அக்கா அவனுக்கு வைத்த பெயர் 'அவசரம்'. அவன்தான் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போய்ப் பதிப்பகத்தில் இறக்கினான்.

செவ்வாய்க்கிழமை மறுபடியும் போன் வந்தது.

"தம்பி, சீட்டெல்லாம் எங்க?"

"பத்திரமா இருக்குங்க. வீட்டுல வச்சிருக்கேன்."

"வீட்டுலயா? புத்தகத்துக்குள்ள ஒண்ணுகூட இல்லையே."

"எடுத்துட்டேன். ஒண்ணுகூடத் தொலையல. நானூத்திப் பன்னிரண்டும் இருக்கு."

"எடுத்துட்டு வாங்க" என்றார். கோபம் இல்லாத குரல். அதுதான் அவனை என்னவோ செய்தது.

மறுநாள் விடுப்பு போட்டுவிட்டுப் போனான். நீண்ட மேசை. அதன்மேல் அவன் துடைத்த புத்தகங்கள். பதிப்பாசிரியர் அம்மாள் ஐம்பது தாண்டியவர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னார்.

அவன் மனைவி எழுதியது 'எதை எங்கே தேடுவது' என்ற புத்தகம். எந்தச் சொல்லுக்கு எந்த நூலைப் பார்க்க வேண்டும், எந்தப் பக்கத்தில் கிடைக்கும் என்று எழுதுகிறவர்களுக்கு வழி காட்டுவது. நன்றாக விற்றது. பிறகு வாசகர்களிடமிருந்து கடிதங்கள் வந்தன. அவள் காட்டிய சில பக்கங்களில் இருந்ததே பிழை. நம்பி எடுத்து எழுதியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அதனால் புதுப் பதிப்பில் கடைசியாக ஒரு பகுதி சேர்ப்பதாக இருந்தது. எந்த நூலில் எந்த இடத்தை நம்பக்கூடாது என்ற பட்டியல். இரண்டு வருடம் வரி வரியாகப் பார்த்தாள். தப்பு இருந்த இடத்தில் சீட்டு வைத்தாள். எல்லாம் முடிந்ததும் ஒரே மூச்சில் எழுதிவிடலாம் என்றிருந்தாள். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். முடிந்தது.

"சீட்டுல என்ன எழுதியிருக்குங்கிறது பெரிசில்ல தம்பி. அது எங்க இருந்துதுங்கிறதுதான் எல்லாம்."

அவன் உறையைப் பிரித்து மேசையில் கொட்டினான். ஒரு சீட்டை எடுத்தான். 'இங்கே தப்பு.' இன்னொன்று. 'இங்கே தப்பு.' அடுத்தது. 'இங்கேயும்.'

வேனை நிறுத்திவிட்டு உள்ளே வந்திருந்த அவசரம், எட்டிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை.

"மாமா, நீங்க வேலை பாக்கிற இடத்துல ரத்தம் எடுத்த குப்பி மேல ஒட்டின லேபிளையெல்லாம் பிச்சு ஒரு கவர்ல போட்டு வைப்பீங்களா?"

எட்டு வருடமாக அவன் சோறு தின்பதே லேபிள் ஒட்டித்தான்.

"சும்மா இருப்பா. செஞ்சது செஞ்சாச்சு" என்றார் பதிப்பாசிரியர் அம்மாள். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு. அதுக்கு மேல அச்சு மெஷின் வேற வேலைக்குப் போயிடும். முடிஞ்ச வரைக்கும் திருப்பி வைக்கலாம்."

"முடியலன்னா?"

"பழைய புத்தகம் அப்படியே போகும்."

ஒரு நாள் சாப்பிடும்போது அவள் சொன்னது அவனுக்கு நினைவு வந்தது. "என் பேரப் போட்டு ஜனங்களத் தப்பான பக்கத்துக்கு அனுப்பிட்டிருக்கேன்." அவன் செல்போனைப் பார்த்துக்கொண்டே உம் கொட்டியிருந்தான். அன்றைக்கு நிமிர்ந்து ஒரு கேள்வி கேட்டிருந்தால், சீட்டு எதற்கு என்று தெரிந்திருக்கும்.

மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். முதலில் பக்கங்களில் தடம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். சீட்டு இருந்த இடத்தில் புத்தகம் தானாகத் திறக்கும் என்றார் பதிப்பாசிரியர் அம்மாள். திறக்கவில்லை. அரிசி மூட்டை தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது.

அப்புறம் கொஞ்சமாவது பேசுகிற சீட்டுகளைத் தனியாகப் பொறுக்கினார்கள். 'எழுதியவர் இங்கே தூங்கிவிட்டார்.' 'இது அச்சுப்பிழை இல்லை, ஆளே பிழை.' 'போன பதிப்பில் சரியாக இருந்தது, திருத்திக் கெடுத்திருக்கிறார்கள்.' அவசரம் சத்தமாகப் படித்துப் படித்துச் சிரித்தான்.

"அக்கா வாய் இருக்கே! செத்தும் அடங்கல பாருங்க" என்றான். சொன்னவன் சட்டென்று எழுந்து, வேனில் தண்ணீர் பாட்டில் இருக்கிறது என்று வெளியே போனான். திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. கையில் பாட்டில் இல்லை.

'பறவையின் பெயருக்கு நேரே மீன் படம் போட்டிருக்கிறார்கள்' என்று ஒரு சீட்டு. பறவைப் பெயர் நூலை அவசரம் தாள் தாளாகப் புரட்டினான். ஒன்றரை மணி நேரம். "மாட்டுச்சு!" என்று அவன் கத்தியதில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நிஜமாகவே மீன். மூவரும் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாரத்தில் நடந்த நல்லது அது ஒன்றுதான்.

வியாழக்கிழமை பிற்பகல் அவன் கையில் ஒரு சீட்டு அகப்பட்டது. 'ரத்தம் உறைய இரண்டு மணி நேரமா? அவரிடம் கேட்க வேண்டும்.'

அவரிடம். அவன்தான் அது. எழுத்தில் மட்டும் அவள் அவனுக்கு மரியாதை கொடுப்பாள்.

கேட்டாளா? யோசித்துப் பார்த்தான். கேட்டிருந்தால், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லியிருப்பான். கேட்காமலே விட்டிருக்கவும் கூடும். இரண்டில் எது என்று அவனுக்குத் தெரியவில்லை.

மருத்துவச் சொற்கள் நூலை எடுத்தான். பக்கம் உடனே கிடைத்தது.

"மணி இல்லீங்க, நிமிஷம்" என்றான். "நல்லா இருக்கிற உடம்புக்குப் பத்து, பன்னிரண்டு நிமிஷம். இந்த மாதிரி ரெண்டு மணி நேரம் ஆச்சுன்னா ஆள் பிழைக்கிறதே கஷ்டம்."

பதிப்பாசிரியர் அம்மாள் குறித்துக்கொண்டார். அவன் சீட்டை அந்தப் பக்கத்துக்குள் வைத்தான். விரல் அதை விடவில்லை.

"இத மட்டும் நான் எடுத்துக்கலாமாங்க?"

"எடுத்தா மறுபடியும் அதே கதைதான் தம்பி."

கையை எடுத்தான். புத்தகம் மூடியது. சீட்டின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு நாற்பத்தொரு சீட்டுகள் இடம் சேர்ந்திருந்தன. அச்சகத்திலிருந்து இரண்டு முறை ஆள் வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தார்.

"நாப்பத்தொண்ண மட்டும் போடலாமில்ல?" என்றான் அவசரம். "ஒண்ணுமில்லாததுக்கு அது தேவல."

பதிப்பாசிரியர் அம்மாள் கூடாது என்று தலையை ஆட்டினார். "நம்பக்கூடாத இடம் நாப்பத்தொண்ணுன்னு போட்டா, மத்ததெல்லாம் நம்பலாம்னு ஆயிடும்பா. அது இன்னும் மோசம். அவளே ஒத்துக்க மாட்டா."

அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

"அப்ப பழசுதானா?" என்றான் அவன்.

"பழசுதான். கடைக்காரங்க கேட்டுட்டே இருக்காங்க. எல்லாத்தையும் முதல்லேர்ந்து பாக்கிறதுக்கு அவள மாதிரி ஒரு ஆள் வேணும். நான் எங்க போவேன்?"

ஒரு தாளை அவன் பக்கம் நகர்த்தினார். பழைய பதிப்பை மாற்றமில்லாமல் மறுபடி அச்சிட உரிமைக்காரரின் சம்மதம். உரிமைக்காரர் என்ற இடத்தில் அவன் பெயரைத் தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். மேலே அவள் பெயர். அவள் பெயரைப் போட்டு ஜனங்களைத் தப்பான பக்கத்துக்கு அனுப்ப அவன் கையெழுத்துப் போட வேண்டும்.

"போடலன்னா என்ன ஆகும்?"

"புத்தகமே இருக்காது தம்பி. அவ பேரும் இருக்காது."

பேனாவை எடுத்தான். வைத்தான். அவசரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் மறுபடியும் பேனாவை எடுத்து, "சரிங்க" என்றான்.

கிளம்பும்போது பதிப்பாசிரியர் அம்மாள் அந்தப் பழுப்பு உறையை நீட்டினார். "வச்ச நாப்பத்தொண்ணு புத்தகத்துலயே இருக்கட்டும். பின்னாடி யாராவது வந்தா உதவும். மிச்சத்த நீங்க எடுத்துட்டுப் போங்க. எங்களுக்கு ஆகாது."

முந்நூற்று எழுபத்தொன்று. வீட்டில் இருக்க வேண்டும் என்று அவன் ஆசைப்பட்ட கையெழுத்து. கேட்காமலே கைக்கு வந்தது.

அவசரத்தின் வேனில் வீடு வந்தான். வாசலில் இறக்கிவிட்டுவிட்டு, "நான் கிண்டல் பண்ணியிருக்கக் கூடாது மாமா" என்றான் அவசரம். "சரி" என்றான் அவன். வேன் போயிற்று. அன்று மட்டும் மெதுவாகப் போனது.

வீட்டில் மேசை காலியாக இருந்தது. உறையை அதன்மேல் வைத்தான். உள்ளே கைவிட்டு ஒரு சீட்டை எடுத்தான்.

'இங்கே தப்பு.'

அதைப் பிடித்துக்கொண்டு நின்றான். மேசையைப் பார்த்தான். அரிசி மூட்டையைப் பார்த்தான். செல்போனைப் பார்த்தான். சீட்டை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.