உரிய மறுத்த நிறம்

மழைக்காலத்தின் ஒரு புதன்கிழமை பிற்பகல் மூன்று இருபதுக்கு, காட்டுச் சாலையின் ஏழாம் எண் வீடு, அதன் பதினான்கு ஜன்னல்களோடும் இரண்டு புகைபோக்கிகளோடும் உள்ளே இருந்த பெண் பெயின்டரோடும் காணாமல் போயிற்று. இடியவில்லை, எரியவில்லை, மண்ணில் புதையவும் இல்லை. பெயின்ட் அடித்து முடித்த கையோடு போயிற்று. அன்று காற்றின் ஈரப்பதம் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு என்று வானிலை அலுவலகத்தின் குறிப்பு சொல்கிறது. அந்தப் பகுதிக்கு அது சாதாரணம்.

அங்கே வீடு கட்டுவது சுலபம், கட்டியதை உலர வைத்திருப்பதுதான் பெரும்பாடு. மரங்கள் கூரையை உரசிக்கொண்டு நின்றன. ஒரு வாரம் போடாமல் விட்ட செருப்பில் பூஞ்சை பிடித்தது. தரையிலிருந்து ஓதம் சுவரில் ஏறி, எவ்வளவு உசத்தியான பெயின்டாக இருந்தாலும் இரண்டு மழைக்காலத்துக்குள் கொப்புளம் கொப்புளமாகக் கிளப்பி உரித்துப் போட்டது. அதனால் அங்கிருந்த பெரிய வீடுகளில் பெயின்டர்கள் உறவுக்காரர்களைப் போல வந்து போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களில் பேர் பெற்றவர்கள் ஒரு கணவனும் மனைவியும். கணவனை எல்லோரும் நிறக்காரன் என்றார்கள். எந்த நிறத்தைக் காட்டினாலும் மூன்று டப்பாக்களிலிருந்து கண்ணளவாகக் கலந்து கொண்டுவந்துவிடுவான். ஒரு வீட்டுக்காரி தன் பூனையைத் தூக்கிக்கொண்டு வந்து இந்த நிறம் வேண்டும் என்றபோது, எந்தப் பக்கத்து நிறம் என்று மட்டும்தான் கேட்டான். மனைவியை உள்ளங்கைக்காரி என்றார்கள். அவள் சுவரில் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, நாலு நாள் என்பாள், அல்லது பன்னிரண்டு நாள் என்பாள். அத்தனை நாள் சுவர் காய வேண்டும் என்று அர்த்தம். அவள் சரி என்று சொல்லும்வரை அவர்கள் டப்பாவின் மூடியைத் திறந்ததில்லை. பத்தொன்பது வருடமாக இதுதான் வழக்கம்.

ஏழாம் எண் வீடு ஒரு கண் டாக்டரம்மாவுடையது. காட்டுக்குள் வீடு இருப்பதே தெரியக் கூடாது, அப்படி ஒரு நிறம் வேண்டும் என்றாள். அந்தப் பக்கத்துப் பணக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் ஆரம்பித்து, கடைசியில் பாலாடை நிறத்தில் வந்து நிற்பார்கள். நிறக்காரன் மட்டும் அதை மெய்யென்று எடுத்துக்கொண்டான். கொட்டும் மழையில் நின்று ஒரு துண்டு மரப்பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் கறுப்பு, அதன் மேல் படிந்த பாசி, பாசியின் மேல் ஊர்ந்த நீர், எல்லாவற்றையும் சேர்த்துக் கலந்தான். நனைந்த பொருளைப் பார்த்து நிறம் கலக்கக் கூடாது, காய்ந்தால் வேறாகிவிடும் என்பது இந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லித்தரும் பாடம். அங்கே எது எப்போது காய்ந்தது என்று அவன் நினைத்திருக்க வேண்டும். சுவருக்கு உள்ளங்கைக்காரி இன்னும் ஒன்பது நாள் கேட்டாள். டாக்டரம்மாவின் விருந்தாளிகளோ வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. மனைவி மாடிக் குளியலறையில் சுவரோடு கையை வைத்துக்கொண்டிருந்த நேரத்தில், அவள் சரி என்று சொல்லாமலே அவன் வெளியே கடைசிப் பட்டையை அடித்து முடித்தான்.

ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு சாலைக்கு வந்து திரும்பிப் பார்த்தான். மரங்கள் நின்றன, பனி நகர்ந்தது, இலைகள் சொட்டின. வீடு இல்லை. சாரத்துக் கழிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தவர் கையிலிருந்ததை அப்படியே போட்டுவிட்டு, கோயிலுக்குள் நுழைந்தவர் மாதிரி தொப்பியைக் கழற்றினார். நிறக்காரன் அரை நிமிடம் அசையாமல் நின்றான். பிறகுதான் மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினான். வீடு இருந்த இடத்தின் குறுக்கே ஓடி மறுபக்கம் வந்தான். வழியில் அவன் மேல் பட்டவை கிளைகள் மட்டுமே.

"ஏங்க, எதுக்கு இப்படி ஓடுறீங்க? கீழ வழுக்கும்" என்று மாடி உயரத்திலிருந்து அவள் குரல் வந்தது.

அவளுக்கு எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. வீடு இருந்தது, ஜன்னல் இருந்தது, கீழே தலைதெறிக்க ஓடும் புருஷன் இருந்தான். இறங்கி முன்வாசல் வழியாக வெளியே காலை வைத்தாள், சமையலறைக்குள் வந்து நின்றாள். பின்வாசல் வழியாகப் போனாள், கூடத்துக்கு வந்து சேர்ந்தாள். ஜன்னல் வழியாக ஒரு காலை வெளியே போட்டுப் பார்த்ததில், அந்தக் கால் எதிர் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. அதற்குமேல் சோதித்துப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை. தீயணைப்புக்காரர்கள் வந்து கயிறு கட்டித் தேடினார்கள், அவள் மேலிருந்து இடது பக்கம், வலது பக்கம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள், அவர்கள் ஒரு சுவருக்குள் புகுந்து எதிர்ச் சுவர் வழியாக வெளியேறுவதைப் பார்த்து வாய் பிளந்தாள். பெயின்ட் கம்பெனியின் அதிகாரி நிற அட்டைகளை விரித்துக் காட்டைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, இந்த நிறத்துக்கு எங்களிடம் எண் இல்லை என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அங்கே வந்த எல்லோரும் தாழ்ந்த குரலில்தான் பேசினார்கள். டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றாள். "நான் கேட்டது இதைத்தான்" என்றாள். அவளுக்குக் கோபம் வரவே இல்லை.

நிறக்காரன் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு வீடு இருந்த இடத்துக்கு முன்னால் உட்கார்ந்தான். விடிந்தால் வருவான், இருட்டினால் போவான். உள்ளே சாப்பாட்டுக்குக் குறைவில்லை, டப்பா டப்பாவாக இருந்தது. ஆனாலும் உள்ளங்கைக்காரி டாக்டரம்மாவின் கட்டிலில் படுக்கவில்லை. தரையில் பெயின்ட் சிந்தாமல் விரிக்கும் துணியை மடித்துப் போட்டுப் படுத்தாள். வேலைக்கு வந்த வீட்டில் கட்டிலில் படுப்பது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். பத்தொன்பது வருடத்தில் பேசாததை எல்லாம் அந்த நாட்களில் பேசினார்கள். அவளுக்கு அவன் தெரிந்தான், அவனுக்கு அவள் தெரியவில்லை. குடையைச் சாய்த்துப் பிடியுங்கள், முதுகு நனைகிறது என்று அவள் சொல்லும்போதெல்லாம் அவன் குடையைச் சாய்த்துவிட்டு, குரல் வந்த பக்கம் அண்ணாந்து பார்த்தான்.

ஒரு நாள் அவன் மனதில் கிடந்ததைச் சொல்லிவிட்டான். "ஒண்ணு சொல்லணும். வீடு மறைஞ்சப்போ எனக்கு முதல்ல சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அப்படியே பொருந்திடுச்சேன்னு. அப்புறம்தான் நீ உள்ள இருக்கேன்னு ஞாபகம் வந்துச்சு."

"தெரியும்" என்றாள். "ஜன்னல்லேர்ந்து உங்க மூஞ்சிய பார்த்துட்டுதானே இருந்தேன்."

இருவருக்கும் இருந்த ஒரே நம்பிக்கை தொழில் தந்த நம்பிக்கைதான். ஈரச் சுவரில் அடித்த பெயின்ட் உரியாமல் இருக்காது. உரிந்தால் வீடு தெரியும். ஆகவே தான் அடித்த பெயின்ட் சீக்கிரம் கெட்டுப்போக வேண்டும் என்று வேண்டிக்கொண்ட முதல் பெயின்டர் அவனாகத்தான் இருப்பான். அவள் தினமும் காலையில் ஜன்னல் விளிம்பில் உள்பக்கமாக மடங்கி வந்திருந்த வெளிப்பூச்சின் ஓரத்தைத் தடவிப் பார்ப்பாள். பத்தாம் நாளும் பிடித்திருந்தது, இருபதாம் நாளும் பிடித்திருந்தது. ஒரு கீறல் இல்லை, ஒரு உப்பல் இல்லை. சுவரைப் பற்றி அவள் ஒருநாளும் பொய் சொன்னவள் இல்லை, அதனால் அன்றன்று உள்ளதை அப்படியே சொன்னாள். அந்தக் காட்டில் யார் அடித்ததும் நிற்காத இடத்தில் அவன் அடித்தது கல்லாக நின்றது.

இருபத்தொன்பதாம் நாள், "தண்ணி ஊத்து" என்றான்.

"எதுல?"

"சுவத்துல. எல்லாச் சுவத்துலயும், உள்பக்கமா. குழாயத் திறந்து விடு, அடுப்புல தண்ணிய கொதிக்க வை, ஜன்னலச் சாத்து. உள்ளேர்ந்து ஓதம் தள்ளினா உரிஞ்சுதான் ஆகணும்."

அவள் சண்டைக்கு வந்தாள். சுவரில் ஒரு சொட்டு படாமல் காத்ததுதான் அவள் வாழ்நாள் வேலை. அதுகூடப் பெரிதில்லை. "இது மாதிரி ஒண்ணு இனி உங்க கைக்கு வராதுங்க. தொட்டுப் பார்த்த நான் சொல்றேன். இதைப் போய் கெடுக்கச் சொல்றீங்களே" என்று அழுதாள். டாக்டரம்மாவிடம் கேட்டார்கள். என் வீட்டை என்னாலேயே பார்க்க முடியவில்லை, என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று அவள் சொல்லி அனுப்பினாள். மறுநாள் காலை உள்ளங்கைக்காரி முதல் வாளித் தண்ணீரைக் கூடத்துச் சுவரில் வீசினாள். பன்னிரண்டு நாள் வீசினாள். நான்கு அடுப்புகளிலும் பாத்திரங்கள் கொதித்தன. ஆவி ஏறிக் கூரையில் முட்டித் திரும்ப மழையாகவே அறைகளுக்குள் பெய்தது, அவள் குடை பிடித்துக்கொண்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டாள்.

நாற்பத்தொன்றாம் நாள் முற்பகல், இரண்டு மரங்களுக்கு நடுவே, ஆள் உயரத்தில், தட்டளவு சாம்பல் நிறப் பூச்சு அந்தரத்தில் தெரிந்தது. அதன் விளிம்பில் நிறம் சுருண்டு தொங்கியது. நிறக்காரன் பட்டித் தகட்டை எடுத்துக்கொண்டு போய் அந்த விளிம்புக்குள் செருகினான். தன் வாழ்நாளில் செய்ததிலேயே சிறந்த வேலையைத் தானே சுரண்டினான். ஒரு ஜன்னல் வந்தது, ஒரு தூண் வந்தது, பாதிக் கதவு வந்தது. சுருள்கள் அவன் தோளிலும் தலையிலும் விழுந்தன. சாரம் கட்டுகிறவர் ஓடி வந்து தானும் ஒரு தகட்டை எடுத்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள் வீடு முழுக்க நின்றது, தோலுரிந்து, சொட்டச் சொட்ட, அந்தக் காட்டிலேயே அவலட்சணமாக. முன்வாசலைத் திறந்துகொண்டு உள்ளங்கைக்காரி வெளியே வந்தாள். வெளியேதான் வந்தாள். அவளை நோக்கி இரண்டு எட்டு வைத்தவனை, "மிதிக்காதீங்க!" என்று தடுத்துவிட்டு, அவன் காலடியில் கிடந்த சுருள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். அவனும் முட்டி போட்டு உட்கார்ந்து அழுதுகொண்டே பொறுக்கினான். இரண்டு வாளி நிறைந்தது.

டாக்டரம்மாவின் வீட்டுக்கு இப்போது பாலாடை நிறம். அவர்கள் வீட்டில், அடுக்களைக்குப் போகும் நடையில் அந்த வாளிகளை வைத்தார்கள். முதல் மழையிலேயே இரண்டும் தெரியாமல் போயின, இன்னும் தெரியவில்லை. அடுத்தவர் வீட்டுச் சுவர்களைக் கவனிப்பவர்களின் கூரை ஒழுகுவது உலக வழக்கம்தானே, அந்த நடையிலும் ஒழுகுகிறது. சொட்டு விழுகிறது, வாளியின் தகரத்தில் விழும் சத்தம் கேட்கிறது, தரை நனைவதில்லை. ஓட்டையை அடைக்க அவன் இரண்டு தடவை ஏணி எடுத்தான், இரண்டு தடவையும் அவள் வேண்டாம் என்றுவிட்டாள். யாராவது வந்தால், "அங்க இவரு அடிச்ச கலரு இருக்கு, சுத்தி வாங்க" என்கிறாள். வருகிறவர்களும் சுற்றிக்கொண்டு வருகிறார்கள்.